பின்னால் வருகிறவருக்கான விதி

பசறையிலிருந்து நமுனுகுலவுக்கு ஏறும் ரோட்டில், பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் பழைய லொறியைப் பார்க்காத ஆள் எங்களில் இல்லை. 'தண்ணி கொதிச்சிருச்சு' என்பார்கள். பீலியில் போத்தலைப் பிடித்து வந்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் துணியால் பிடித்துத் திறப்பார்கள். மலைநாட்டு கார் ரேஸின் கதையை நாங்கள் இந்தத் தண்ணியிலிருந்தே தொடங்குகிறோம்.

நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி தொடங்கியது 1934இல். ஒஸ்டின் செவன் மாதிரியான அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் தண்ணி பம்ப் கிடையாது. சூடான தண்ணி மேலே போகும், ஆறினது கீழே இறங்கும். இயந்திரத்தைச் சுற்றித் தண்ணி ஓடியது அந்த இயல்பால்தான். ரேடியேட்டருக்குள் அழுத்தமும் இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணி 94 பாகைக்கு அண்மையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் ஓடும் காருக்கு இருக்கும் ஆறு பாகை இடைவெளி மேலே வந்ததும் போய்விடுகிறது.

ஆனாலும் மலையேற்றப் போட்டி சின்னது. ஒவ்வொரு காராக மேலே ஏறும், சீக்கிரமே முடிந்துவிடும். அவ்வளவு நேரத்துச் சூட்டை இரும்பும் தண்ணியுமே தாங்கிக்கொள்ளும். ஆபத்து வரிசையில் காத்து நிற்கும்போதுதான். இன்ஜின் ஓடும், காற்று ஓடாது.

அழுத்த மூடி வந்த பிறகு நிலைமை மாறியது. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடி, கடல் மட்டத்தில் தண்ணியின் கொதிநிலையை 120 பாகை வரைக்கும் தள்ளிவிடும். எங்க ஊர் டிரைவர்மார் மூடியை உடனே திறக்காததும் இதனால்தான். திறந்த கணமே அழுத்தம் போகும், கொதிதண்ணி முகத்தில் பாயும்.

1959இல் வந்த மினியில் இன்னொரு தலைவலி. இன்ஜினைக் குறுக்கே வைத்ததால் ரேடியேட்டர் பக்கவாட்டுக்குப் போனது. இன்ஜின் அறையின் சூடான காற்றே அதற்குள் புகுந்து சில்லுப் பக்கமாக வெளியேறியது. ரேஸ் ஓடுகிறவர்கள் அதை முன்னால் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார்கள். கம்பனியே அதை முன்னால் வைத்தது 1996இல்தான்.

அப்படி இடம் மாற்றலாமா? இங்கேதான் விதிப் புத்தகம் வருகிறது. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு 1982இல் கொண்டுவந்த பிரிவுகளில், கிட்டத்தட்ட கடையில் வாங்கிய மாதிரியே ஓடவேண்டிய 'என்' பிரிவில் தெர்மோஸ்டாட்டை மாற்றலாம், விசிறி எந்தச் சூட்டில் சுற்றவேண்டும் என்பதையும் மாற்றலாம். 'ஏ' பிரிவில் ரேடியேட்டரையே மாற்றலாம். ஆனால் பழைய இடத்திலேயே வைக்கவேண்டும், பொடியை வெட்டக்கூடாது. காரணம் எளிது. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் காசு உள்ளவர் மட்டும்தான் ஓடுவார். சொந்தக் காசில் ரேஸ் ஓடும் ஆட்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒரு பாதுகாப்பு.

இன்னொரு வகை விதியும் உண்டு. பல நாடுகளின் ரேஸ் தடங்களில் கிளைக்கோல் கலந்த கூலன்டுக்குத் தடை. சாதாரண தண்ணி சிந்தினால் காயும். கிளைக்கோல் சிந்தினால் தார் ரோட்டில் வழுக்கும், சுத்தம் செய்வதும் கஷ்டம். பொங்கி வழியும் தண்ணியைப் பிடிக்க ஒரு போத்தல் மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான். இந்த விதி உங்கள் இன்ஜினைக் காப்பாற்ற எழுதப்பட்டதல்ல, உங்களுக்குப் பின்னால் வருகிறவரைக் காப்பாற்ற எழுதப்பட்டது.

இதே கேள்வி உலகின் பெரிய ரேஸிலும் வந்தது. 1978 சுவீடன் கிராண்ட் பிரீயில், கோர்டன் மரே வடிவமைத்த பிராபம் காரின் பின்னால் பெரிய விசிறி. 'இது ரேடியேட்டரைக் குளிர்விக்க' என்றார்கள். விதிப்படி அது சரி. உண்மையில் அது காரின் அடியிலிருந்த காற்றை உறிஞ்சி, காரைத் தடத்தோடு அழுத்திப் பிடித்தது. நிக்கி லவுடா வென்றார். கல்லும் தூசும் தங்கள்மேல் பறக்கிறது என்று பின்னால் ஓடியவர்கள் முறையிட்டார்கள். அந்தக் கார் மறுபடி ரேஸுக்கு வரவில்லை.

எங்கள் ஊவாவில் ரேஸ் என்றால் தியத்தலாவ பொக்ஸ் ஹில். அது மண் தடம். ரேடியேட்டர் இடுக்குகளில் சேறு அடைத்தால் எவ்வளவு நல்ல பம்பும் உதவாது. அதற்காக முன்னால் வலை மாட்டுவார்கள். காருக்கு வரும் தூசியைத் தடுக்க நமக்கு வழி தெரியும்.

2024 ஏப்ரல் 21 அன்று அங்கே தடத்தை விட்டு விலகிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் 8 வயதுப் பிள்ளையும் ஒன்று. யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். ஒரு துளி தண்ணி ரோட்டில் விழக்கூடாது என்று வரி வரியாக எழுதத் தெரிந்த விளையாட்டு இது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்திட்டில் நிற்கிறவருக்கும் அதே கவனத்தோடு ஒரு வரி எழுதவேண்டாமா?

எங்களுக்கு ரேஸ் பிடிக்கும். இன்னும் பார்க்கப் போவோம். அதனால்தான் கேட்கிறோம்.