டீசல் மகிழுந்து: ஒரு விலை இடைவெளியின் வரலாறு

இந்தியாவில் டீசல் மகிழுந்தின் எழுச்சியைப் பொறியியலின் வெற்றியாகக் கருதுவோர் உண்டு. அதன் வேர் விலைக் கொள்கையிலும் இருக்கிறது.

2010 ஜூனில் பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. உழவையும் சரக்குப் போக்குவரத்தையும் கருதி டீசலுக்கு அது நீடித்தது. 2012 மே மாத இறுதியில் தில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியிருந்தது; டீசலோ 41 ரூபாய்க்கும் குறைவு. எரிபொருள் நிலையத்துக் குழாய் உழவர் யார், செல்வந்தர் யார் எனப் பிரித்தறியாது. டிராக்டரை எண்ணி வழங்கிய சலுகை சொகுசு வாகனத்தின் கலனையும் நிரப்பியது. 2010 பிப்ரவரியிலேயே கிரித் பாரிக் குழு, டீசல் மகிழுந்துக்கு 80,000 ரூபாய் கூடுதல் கலால் வரி விதிக்கப் பரிந்துரைத்திருந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

2014 அக்டோபரில் டீசல் விலையும் சந்தையிடம் விடப்பட்டது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தில்லி தலைநகர் வட்டாரத்தில் 2000 சிசியும் அதற்கு மேலும் திறனுடைய டீசல் மகிழுந்துகளின் பதிவை நிறுத்தியது; 2016 ஆகஸ்டில் ஒரு விழுக்காட்டுப் பசுமைக் கட்டணத்துடன் தடை விலகியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி சுசுகி டீசல் மகிழுந்துகளைக் கைவிட்டது.

இப்பத்தாண்டு விவாதத்தின் அடியில் இரு வினாக்கள் கிடந்தன: சலுகையைத் துய்த்தவர் யார்? புகையைச் சுவாசித்தவர் யார்? இரண்டுக்கும் விடை ஒன்றன்று.