கீதுவா, அனிதாவா: இந்திய அணியோட 'ஆல் டைம் கிரேட்' யாரு?

போன மாசம் திருத்தணிக்குப் போயிருந்தேன். மலைக்கோயிலுக்கு 365 படி, வருஷத்துல எத்தனை நாளோ அத்தனை. பாதியில மூச்சு வாங்கி உட்கார்ந்தப்ப, கூட வந்த சித்தி பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. ஒன்பதாவது படிக்கிறா, ஸ்கூல் டீம்ல பாஸ்கெட்பால் ஆடுறா.

"அண்ணா, இந்தியா விமன்ஸ் டீம்லயே பெரிய பிளேயர் யாரு? கீதுவா, அனிதாவா?"

யோசிக்காம "கீது"ன்னு சொல்லிட்டேன். அவ முகம் சுருங்கிடுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

முதல்ல ரெண்டு பேரோட கதை. கீது அன்னா ஜோஸ், அனிதா பால்துரை. ரெண்டு பேரும் 1985-ல பிறந்தவங்க. ரெண்டு பேருமே தெற்கு ரயில்வேக்காக ஆடினவங்க. நீலச் சட்டை போட்டு ஒரே இந்திய அணியில சேர்ந்தும் ஆடியிருக்காங்க.

கீது கேரளாக்காரங்க. ஆறடி ரெண்டு அங்குலம், சென்டர் பொசிஷன். ரிங்குக்குக் கீழ அவங்க கையில பந்து போனா எதிரணிக்குக் கஷ்டம்தான். 2006-ல ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கம் இருக்கிற ரிங்வுட் கிளப்புக்கு ஆடப் போனாங்க. 2011-ல அமெரிக்காவோட டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூணு அவங்களை டிரையவுட்டுக்குக் கூப்பிட்டுச்சு. கான்ட்ராக்ட் கிடைக்கல. ஆனா அவங்களுக்கு முன்னாடி எந்த இந்தியப் பொண்ணும் அந்த வாசல் வரைக்கும் போனதில்ல. 2014-ல அர்ஜுனா விருது வந்துச்சு.

அனிதா நம்ம சென்னைக்காரங்க. பத்தாவது படிக்கிற வயசுலயே, 2000-ல, இந்திய அணிக்கு வந்தாச்சு. 19 வயசுல கேப்டன். 2017 வரைக்கும், அதாவது 18 வருஷம், நாட்டுக்காக ஆடினாங்க. ஆசியச் சாம்பியன்ஷிப் மட்டும் 9 தடவை. 2021-ல பத்மஸ்ரீ.

இப்போ யாரு பெரியவங்க? நான் கோடு எழுதிப் பிழைக்கிற ஆளு. ரெண்டு பேர் ஒரே டேட்டாவைப் பார்த்து வேற வேற பதில் சொன்னா, நாங்க முதல்ல கேக்குறது: எதை வெச்சு அளந்தீங்க?

பாஸ்டன் செல்டிக்ஸ் ரசிகர்கள்கிட்டயும் இதே சண்டை உண்டு. பில் ரஸல் 13 சீசன் ஆடி 11 சாம்பியன்ஷிப் ஜெயிச்சார். அவரோட பெரிய பலமே எதிரணி ஷாட்டைத் தடுக்கிறது, அதாவது பிளாக். ஆனா என்.பி.ஏ. பிளாக்கை அதிகாரபூர்வமா எண்ண ஆரம்பிச்சதே 1973-74 சீசன்லதான். ரஸல் 1969-லயே ரிட்டையர் ஆயிட்டார். அதனால அவரோட கரியர் பிளாக் கணக்கைத் தேடினா, அந்தக் கட்டம் காலியா இருக்கும். எண்ணாததால அது நடக்கலன்னு ஆயிடுமா?

நம்ம ஊர் பாஸ்கெட்பால்ல எண்ணாதது இன்னும் அதிகம். பாயிண்ட் கண்ணுக்குத் தெரியும். புதுசா வந்த பொண்ணுக்கு டிஃபென்ஸ்ல எங்க நிக்கணும்னு கேப்டன் சொல்லித் தர்றது எந்த ஸ்கோர்ஷீட்லயும் ஏறாது.

அதுக்காக 'ரொம்ப வருஷம் ஆடினாலே பெரிய ஆள்'னு சொல்லிட முடியாது. இடத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதும் நீண்ட காலம்தான். அதனால கடைசி வருஷத்தைப் பார்ப்போம். அனிதா தாயான பிறகு திரும்பி வந்தாங்க. 2017-ல, 32 வயசுல, பெங்களூருல நடந்த ஆசியக் கோப்பை 'பி' டிவிஷன்ல ஆடினாங்க. ஃபைனல்ல இந்தியா கஜகஸ்தானை 75-73-ன்னு ஜெயிச்சு 'ஏ' டிவிஷனுக்கு ஏறுச்சு. பேருக்காக டீம்ல வெச்சிருந்த ஆளோட கடைசி வருஷம் இப்படி இருக்காது.

அதனால என் பதில் மாறிடுச்சு. ஒரே ஒரு மேட்ச் ஜெயிக்கணும், ஒரு ஆளைத்தான் எடுக்கலாம்னா, இன்னிக்கும் கீதுதான். ஆனா கேள்வி 'திறமையான பிளேயர் யாரு'ங்கிறது இல்ல, 'அணியோட வரலாற்றுல பெரிய ஆள் யாரு'ங்கிறது. வரலாறுன்னா உச்சிநாள் மட்டும் இல்ல, 365 படியும்தான். அந்தக் கணக்குல அனிதா.

சரி, அவ முகம் ஏன் சுருங்குச்சு? அவ ஸ்கூல் டீம்ல "ஹைட் பத்தாது"ன்னு ரிசர்வ்ல உட்கார வெச்சிருக்காங்க. உச்சத்தையும் உயரத்தையும் மட்டும் அளந்து 'கிரேட்'னு சொன்னா, அவளுக்கு இந்த ஆட்டத்துல இடமே இல்லன்னு நானும் சொன்ன மாதிரிதானே? நம்ம டைம்பாஸ் விவாதம்னு நினைக்கிறதை, ஒரு பதினாலு வயசுப் பொண்ணு தன் எதிர்காலத்தைப் பத்தின தீர்ப்பா கேட்டுக்கிட்டிருந்தா.

இதையெல்லாம் படியிறங்கும்போது அவகிட்ட சொன்னேன். கேட்டுட்டு சிரிச்சா. "அனிதான்னு நீ சொல்றது சரிண்ணா. ஆனா எதிர் டீம்ல கீது இருந்தா யாரு கார்டு பண்றது?"

என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.