ஈசல் பறந்தால் மீன் எழும்

இங்கிலாந்துத் தூண்டில்காரர்களுக்கு மே மாதம் வந்தால் திருவிழா. 'மேஃப்ளை' என்று ஒரு பூச்சி. ஓடையின் அடியில் ஓரிரு வருடம் புழுவாகக் கிடந்துவிட்டு, வெயில் ஏறும் நாட்களில் கூட்டமாக மேலே வந்து இறக்கை விரிக்கும். அப்புறம் அது எதையும் தின்பதில்லை. ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆயுசு. முட்டையிட்டு நீர்மேலேயே விழுந்து சாகும். அந்த நாட்களில் ட்ரவுட் மீன் வேறு இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் வெள்ளைக்காரன் கோழி இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றி, பறக்கிற பூச்சியைப் போலவே பொய்ப்பூச்சி கட்டினான்.

இந்த ஆசையோடுதான் அவர்கள் சென்னை ராஜதானிக்கும் வந்தார்கள். 1860-களில் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார். சூயஸ் கால்வாய் திறக்காத காலம், பலிக்கவில்லை. 1879-ல் நீலகிரிக்கு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமே போட்டுவிட்டார்கள். ட்ரவுட் வருமுன்னே சட்டம் வந்துவிட்டது! பிறகு எச்.சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணர் முயன்று, 1910 வாக்கில்தான் வானவில் ட்ரவுட் அங்கே நிலைத்தது. அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகம் உண்டு.

மலையில் அது சரி. சமவெளியில்? ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சிவில் சர்வீஸ்காரர் 1873-ல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதோடு விடாமல், 1887-ல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொன்று எழுதினார். எனக்கு இவரைப் பிடிக்கும். ஊட்டிக்கு ஓடாமல் நம் குளத்தங்கரையில் உட்கார்ந்தவர்.

நம் ஊரில் வசந்தம் என்றால் சித்திரை வெயில். ஏரி வற்றும், விரால் சேற்றுக்குள் போய்விடும். மீன் பிடிப்பதென்றால் சேற்றைக் கலக்கிக் கையால் அள்ளுவதுதான். இங்கே பூச்சிக்கான காலம் மழை. முதல் மழை புற்றை நனைத்ததும், அன்றோ மறுநாளோ சாயங்காலம் ஈசல் புறப்படும். நாலு இறக்கை, அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். உதிர்த்துவிட்டுத் தரையில் ஊரும். சின்ன வயதில் ரெட்டேரிப் பக்கம் பார்த்திருக்கிறேன்: தண்ணீரில் விழுந்த ஈசலுக்குக் கெண்டை 'சப் சப்' என்று வாய் திறக்கும், ஏரி முழுக்க மழைத்துளி விழுகிற மாதிரி வட்டம் வட்டமாக. மாமா மண்புழு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஈசலையே முள்ளில் கோப்பார். கோழி இறகு வாங்கும் செலவு மிச்சம். பாதி ஈசல் மீனுக்கு, மீதி வீட்டில் வறுத்துப் பொரியோடு எங்களுக்கு.

புளியந்தோப்பு கதை வேறு. ஓட்டேரி நல்லா நம் பக்கமாக ஓடி, பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. மேஃப்ளை குஞ்சுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் உள்ள தண்ணீர் வேண்டும். சாக்கடை கலந்தால் முதலில் செத்துப்போகிற கூட்டம் அதுதான். மிஞ்சுவது இரண்டு: கொசு, அப்புறம் சாயங்காலம் தலைக்கு மேலே தூண் மாதிரி சுழலுமே, கடிக்காத அந்தச் சின்னப் பூச்சி. இதன் குஞ்சு கருஞ்சேற்றிலும் பிழைக்கும். நம்மைப் போலவே உடம்பில் சிவப்பு ஹீமோகுளோபின் உண்டு, கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும்.

கொசுவைத் தின்ன நம்மிடமே மீன் இருந்தது. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல் மின்னும் பொடிமீனைப் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். 1912-லேயே கல்கத்தாவில் சீவெல், சௌதுரி என்ற இருவர் கொசுப்புழு தின்னும் இந்திய மீன்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். இருந்தும் 1928-ல் இத்தாலி வழியாக அமெரிக்க கம்பூசியாவைக் கொண்டுவந்தோம். அது கொசுப்புழுவைத் தின்கிறது, மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்கிறது. நல்ல வியாபாரம்தான் போங்கள்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் பேரனோடு போயிருப்பீர்கள். அங்கே உறையவைத்து விற்கும் 'ரத்தப்புழு' வேறொன்றும் இல்லை, தலைக்கு மேலே சுழல்கிற அந்தப் பூச்சியின் குஞ்சுதான். ஒரு துண்டு கிள்ளித் தொட்டியில் போட்டுப் பாருங்கள். பிறந்ததிலிருந்து கண்ணாடியைத் தவிர எதையும் பார்க்காத மீன்கூட, ரெட்டேரிக் கெண்டை ஈசலுக்கு எழுந்த அதே வேகத்தில் பாய்கிறது.