பேரேரி மீன்களும் நிலைத்த கரிம மாசுகளும்

வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்து: சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ. இவற்றில் வாழும் நன்னீர் மீன்களின் ஹார்மோன் இயக்கத்தையும் இனப்பெருக்கத்தையும் எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள் பாதித்தமை, சூழல் நச்சியலில் விரிவாக ஆராயப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்று. வளர்ந்த மீன் சாகாமல் வாழ, அதன் சுரப்பிகளும் முட்டைகளும் குஞ்சுகளும் கெடுவது இப்பாதிப்பின் இயல்பு.

வகைகள்

நிலைத்த கரிம மாசுகள் மூவகைப்படும். டி.டி.டி., டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் முதல் வகை. மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் பயன்பட்ட பி.சி.பி. போன்ற தொழில்துறைப் பொருள்கள் இரண்டாம் வகை. எவரும் வேண்டித் தயாரிக்காமல் உற்பத்தியின்போதும் எரிப்பின்போதும் உண்டாகும் டையாக்சின்கள், ஃபியூரான்கள் மூன்றாம் வகை. பி.சி.பி. என்பது 209 சேர்மங்களைக் கொண்ட ஒரு தொகுதி. அமெரிக்காவில் இதன் வணிக உற்பத்தி 1929இல் தொடங்கி 1979இல் தடை செய்யப்பட்டது. இயற்கைச் சூழலில் இது பரவியிருப்பதை 1966இல் சுவீடனின் சோரன் யென்சன் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்தவற்றுள் பைக் மீனும் ஒன்று.

இவை நீரில் எளிதில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். மிதவை உயிரியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்லும்போது செறிவு பெருகிக்கொண்டே போகும். பெண்மீன் தன் உடலில் சேர்ந்த மாசின் ஒரு பகுதியைக் கொழுப்போடு முட்டைக்குள் செலுத்துகிறது.

தைராய்டுக் கழலை

மீன்களின் தைராய்டு, மனிதருக்கு உள்ளதுபோல் ஒரே சுரப்பியாகத் திரண்டிருப்பதில்லை. செவுள்களுக்குக் கீழே, இதயத்திலிருந்து செல்லும் பெருந்தமனியை ஒட்டி நுண்பைகளாகச் சிதறியிருக்கும். இத்திசு வீங்குவதே மீன்களின் கழலை.

பேரேரிப் பகுதி அயோடின் குறைந்த நிலம். மனிதரிடையே முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. 1909 முதல் சில ஆண்டுகள் கிளீவ்லாந்து மருத்துவ ஆய்வாளர் டேவிட் மரீன், பென்சில்வேனியாவின் பொரிப்பகம் ஒன்றில் புரூக் டிரவுட் மீன்களின் தொண்டையில் தோன்றிய வீக்கத்தை ஆராய்ந்தார். அதைப் புற்றுநோய் எனப் பலர் கருதினர். கேலார்டு, மார்ஷ் ஆகியோர் 1914இல் வெளியிட்ட பெருநூலும் அக்கருத்தையே வலியுறுத்தியது. மரீனோ அது கழலையே என நிறுவி, நீரில் சிறிதளவு அயோடின் சேர்த்து வீக்கத்தைத் தணித்தார். 1917இல் அவரும் ஆலிவர் கிம்பாலும் ஒஹையோவின் ஏக்ரன் நகரப் பள்ளி மாணவியரிடையே அயோடின் தரும் ஆய்வைத் தொடங்கினர். 1924இல் மிச்சிகன் மாநிலத்தில் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது.

1966இல் பசிபிக் கரையின் கோஹோ சால்மன் மிச்சிகன் ஏரியில் விடப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் பேரேரிச் சால்மன்களிடம் கழலை பெருகியது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோச்சியா, லெதர்லாண்ட், சான்ஸ்டிகார்டு ஆகியோர் 1977இல் இதை அறிவித்தனர். அயோடின் பற்றாக்குறையைக் கொண்டு இதை விளக்க இயலவில்லை; ஏரிகளின் அயோடின் அளவும் கழலையின் கடுமையும் பொருந்தவில்லை. பேரேரிச் சால்மனை உண்ட ஆய்வக எலிகளுக்கும் தைராய்டு வீங்கியது. எனவே மீன் உடலில் சேர்ந்த ஏதோ ஒரு கழலையூக்கி காரணமாகலாம் என்ற கருத்து எழுந்தது. பி.சி.பி.யின் சில வழிப்பொருள்கள் தைராக்சினை ஏந்திச் செல்லும் புரதத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கல்லீரல் நொதிகளைத் தூண்டி ஹார்மோனை விரைந்து வெளியேற்றவும் செய்கின்றன. எனினும் கழலை மிகக் கடுமையாக இருந்தது ஈரி ஏரியில். மாசு அதைவிட மிகுந்திருந்ததோ ஒன்டாரியோவில். ஆகவே இம்மாசுகளை மட்டும் கொண்டும் கழலையை விளக்கிவிட இயலவில்லை.

பாலின ஹார்மோன்கள்

சுப்பீரியர் ஏரியின் ஜாக்ஃபிஷ் விரிகுடாவில் வெளுப்புக் காகிதக்கூழ் ஆலையின் கழிவு கலந்த பகுதியில் வாழ்ந்த வெண் சக்கர் மீன்களுக்குப் பாலின ஹார்மோன்கள் குறைந்து, இனப்பெருக்க உறுப்புகள் சிறுத்து, பருவமடைதல் தாமதமானது. 1989இல் இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பு தொடங்கிய பின்னும் ஹார்மோன் குறைவு உடனே நீங்கவில்லை. குளோரினால் வெளுக்காத ஆலைகளின் அருகிலும் இத்தகைய விளைவு காணப்பட்டதால், குளோரின் வெளுப்பு மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலவில்லை.

ஏரி டிரவுட்டின் அழிவு

ஒன்டாரியோ ஏரியின் இயல்மீனான ஏரி டிரவுட் 1950களில் ஏறத்தாழ மறைந்தது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பையும், பெருமீன்களைக் கவ்விக் குருதி உறிஞ்சும் கடல் லாம்ப்ரேயையும் காரணம் காட்டுவது வழக்கமாக இருந்தது. ஆனால் லாம்ப்ரே இவ்வேரியில் 1835இலேயே பதிவாகிவிட்டது; அதன் பின்னும் டிரவுட் நூறாண்டுக்கு மேல் நிலைத்திருந்தது.

1990களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில், ஒரு கிராம் முட்டையில் ஏறத்தாழ 65 பிக்கோகிராம் டி.சி.டி.டி. என்னும் டையாக்சின் இருந்தாலே குஞ்சுகளில் பாதி மடியும் எனத் தெரிந்தது. ஆராயப்பட்ட மீன் இனங்களுள் இந்நஞ்சால் மிக எளிதில் பாதிக்கப்படுபவற்றுள் ஒன்று ஏரி டிரவுட். முட்டையுணவுப் பையில் நீர் கோத்து நீலநிறமாகும். குருதிக் கசிவும் தாடைக் குறைபாடும் தோன்றி, தானாக இரை தேடும் முன்பே குஞ்சு இறக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பிலிப் குக்கும் உடனாய்வாளர்களும் ஏரியடி வண்டல் அடுக்குகளின் காலத்தைக் கணித்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிறந்த குஞ்சு எதுவும் பிழைக்க முடியாத அளவுக்கு நஞ்சு இருந்தது என்று 2003இல் கணக்கிட்டனர். ஏரியில் மீண்டும் விடப்பட்ட டிரவுட்டின் இயற்கைக் குஞ்சுகள் காணப்பட்டது 1980களின் நடுவில், டையாக்சின் வெகுவாகத் தணிந்த பிறகே.

இன்றைய நிலை

2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த நிலைத்த கரிம மாசுகள் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் 12 பொருள்களைப் பட்டியலிட்டது; 2009இல் பி.எஃப்.ஓ.எஸ். என்னும் ஃபுளோரின் சேர்மம் உள்ளிட்டவை சேர்க்கப்பட்டன. பேரேரி மீன்களில் பழைய மாசுகள் குறைந்துள்ளன. மீன் உண்பதற்கான அளவுக் கட்டுப்பாட்டு அறிவுரைகள் தொடர்கின்றன.