துறைமுகச் சுவருக்குள் பிறந்த பாய்மரப் படகுச் சங்கம்

மேட்டூரில் காவிரியை மறித்து 1934இல் ஸ்டான்லி நீர்த்தேக்கம் உருவான பின், சேலம் மாவட்டத்துப் பண்ணவாடியிலிருந்து எதிர்க்கரை நாகமரைக்கு மூங்கில் பரிசலிலேயே மக்கள் சென்றுவர முடிந்ததற்கு, அந்த நீர்ப்பரப்பு நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்டுக் கடலலை அறியாததாய் இருந்ததே காரணம். சென்னைக்கு அத்தகைய அடங்கிய நீர் கடலோரத்தில் இயற்கையாக வாய்க்கவில்லை. ஆகவே, அந்நகரின் 'யாட்' சங்கத்தின் வரலாறு, அதாவது வணிகத்துக்கோ மீன்பிடிப்புக்கோ அன்றி விளையாட்டுக்காகப் பாய்மரப் படகு செலுத்துவோர் தாமே கூடி அமைத்துக்கொண்ட சங்கத்தின் வரலாறு, துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களிலிருந்தே தொடங்குகிறது.

இயற்கைத் துறைமுகம் பெற்றிருந்த பம்பாயில் 1846இலேயே இத்தகைய சங்கம் தோன்றிவிட்டது. சென்னையிலோ கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே கரையோரம் உடையும் அலைகளைத் தாண்டிப் பயணிகளையும் சரக்கையும் இறக்கின. துடுப்புப் படகு விளையாட்டை விரும்பியோர் 1867இல் மெட்ராஸ் போட் கிளப்பைத் தொடங்கிவிட்டனர். பிற்காலத்தில் அடையாற்றின் அமைதியான நீரே அதன் நிலையான களமாயிற்று. காற்றை நம்பிக் கடலில் இறங்க விரும்பியோர் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1870களின் நடுப்பகுதியில் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. அவை சீரமைக்கப்பட்ட பின்னும் கிழக்கு நோக்கிய வாயில் வழியே கடலின் ஏற்றம் நேராக உள்ளே புகுந்தது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலும் வாயிலைத் தூர்த்தது. (அதே மணல் தெற்குச் சுவரால் தடுக்கப்பட்டுக் குவிந்ததால்தான் மெரினா இன்றைய அகலத்தைப் பெற்றது.) 1904இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவரான ரயில்வே பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயிலை அமைத்ததே சென்னைக் கடலோர வாழ்வின் பெருந்திருப்பம் எனலாம். உள்ளே நீர் அடங்கியது. 1911இல் அவரே முன்னின்று, இன்று ராயல் மெட்ராஸ் யாட் கிளப் எனப்படும் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

ஈரோட்டில் பிறந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன், மறு ஆண்டு மார்ச் 1ஆம் நாள் இதே ஸ்பிரிங்கின் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் என்பதும், அவர் கேம்பிரிட்ஜ் செல்வதற்கு வழி பிறந்ததில் ஸ்பிரிங்கின் ஆதரவுக்கும் பங்கு உண்டு என்பதும் இங்கு நன்றியுடன் குறிக்கத்தக்கவை.

ஆங்கிலேய அதிகாரிகளும் வணிகர்களும் கூடிய வட்டத்தில் தொடங்கிய இவ்விளையாட்டு, பின்னர் இந்நாட்டவரின் கைக்கு வந்தது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற 4 பேருள் நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் ஆகிய மூவர் சென்னையைச் சேர்ந்தவர்கள்.