எதை எங்கே வைப்பது?

சில மாதங்களுக்கு முன், பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடை ஒன்றில் நாம் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், பக்கத்து மேசையில் தமிழிளைஞர் நால்வர் கடும் வாதம் நிகழ்த்திக்கொண்டிருந்தனர். சம்பளத் தகராறோ, தேர்தற் பேச்சோ என்று செவிசாய்த்தோம். இரண்டுமில்லை. ஒரு கற்பனைப் போர் விளையாட்டில் வரும் அரசர், பூதங்கள், படைக்கலங்கள் ஆகியவற்றுக்கெல்லாம் அபிமானிகள் கூடி எழுதிவரும் கலைக்களஞ்சியத்தை எவ்வாறு வகுப்பது என்பதே வழக்கு. ஒருவர் இனவாரியாக வைக்கவேண்டும் என்றார். மற்றொருவர் விதிநூலின் பதிப்பு வாரியாக என்றார். மூன்றாமவர், அகர வரிசை போதும், மற்றது தேடுகிறவன் பாடு என்றார். நான்காமவர் தேநீரை ஆறவிட்டு யோசனையில் ஆழ்ந்திருந்தார். நமக்குப் பிடித்தவர் அவரே.

அவர்கள் பேசியது எது என்று பின்னர் விசாரித்தறிந்தோம். இங்கிலாந்தில் கேம்ஸ் ஒர்க் ஷாப் என்னும் நிறுவனத்தார் 1983-இல் வெளியிட்ட வார்ஹாமர் என்பது அது. மேசைமீது சிறு பதுமைகளைப் படையாக நிறுத்தி, பகடை உருட்டிப் போர் செய்வது. 1987-இல் அதற்கொரு தம்பி பிறந்தது. அதன் கதை நாற்பதாயிரமாவது ஆண்டின் அருகே நிகழ்கிறது. விதிநூல்களும் கதைகளும் பெருகப் பெருக, யார் யார், எந்நாட்டார், எப்போரில் மாண்டார் என்று குறித்துவைக்க அபிமானிகள் களஞ்சியங்கள் தொடங்கினர். 2015-ஆம் ஆண்டளவில் நிறுவனத்தார் அப்பழைய உலகத்தையே கதையில் அழித்து வேறோர் உலகத்தைத் திறந்துவிட்டனர். அழிந்த உலகத்தின் அரசரை இனி எங்கே வைப்பது? புதிய உலகத்திலும் அதே பெயரோடு தோன்றினால் இரண்டு பக்கமா, ஒரே பக்கமா? ‘இவன் இவ்வாறு செய்தான்’ என்று உள்ளே நின்று எழுதுவதா, ‘இன்ன ஆண்டில் இன்ன நூலில் இவ்வாறு எழுதப்பட்டது’ என்று வெளியே நின்று எழுதுவதா?

இவையெல்லாம் வேலையற்றோர் விவகாரம் என்று நகைப்பார் நகைக்கட்டும். நம் முன்னோர் இதே வழக்கை ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடத்தி வந்திருக்கிறார்கள்.

நமது நிகண்டுகளைப் பாருங்கள். சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக உலகத்தை வகுத்தது. தெய்வப்பெயர் முதலில் நிற்கும். அடுத்து மக்கட்பெயர், பின் விலங்கு, மரம், இடம், பல்பொருள் என்று இறங்கி, செயற்கை வடிவு, பண்பு, செயல், ஒலி ஆகியவற்றைக் கடந்து, ஒருசொற் பல்பொருளில் புகுந்து, கூட்டத்து ஒருபெயரில் முடியும். செய்யுளில் அமைந்து மனப்பாடத்துக்கு ஏற்ற ஒழுங்கு அது. யானைக்குரிய பெயர்களெல்லாம் ஓரிடத்திற் கிடைத்தால் புலவனுக்கு எத்தனை சௌகரியம்! ஆயினும் தெரியாத சொல் ஒன்றை எதிர்ப்படுபவன் அது விலங்கா, மரமா என்று முன்னரே அறிந்திருந்தாலன்றி அதனைத் தேட வழியில்லை. அறிந்தவனுக்கே அறிவிக்கும் நூல் அது.

1594-இல் இரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தபோது, சொல்லின் முதலெழுத்தை வைத்து அடுக்கும் வழி தமிழிற் புகுந்தது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து, அவ்வழியை இன்னும் விரித்தார். அகர வரிசையில் மேலோர் கீழோர் கிடையாது. டகரம் ரகரத்துக்கு முந்தியது. ஆதலால் அடிமை முன்னே நிற்பான், அரசன் பின்னே வருவான். திவாகரத்தின் படிக்கட்டில் இது நடவாது. நாம் எந்த வரிசையின் கட்சி என்று வாசகர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழ்ப் புலவராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் ஒருவராகவே பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்க வாயிலாக வெளிவந்தது. அதற்குமுன் யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளை 1902-இல் அபிதான கோசத்தை வெளியிட்டிருந்தார். சிந்தாமணியில் இதிகாச புராண பாத்திரங்கள், சோழ பாண்டியர், மூலிகைகள், நதிகள் எல்லாம் ஒரே அகர வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கின்றனர். உழைப்பை வணங்குகிறோம். ஆனால் ஒரு குறை உண்டு. புராணத்துப் பாத்திரமும் கல்வெட்டில் நிற்கும் மன்னனும் அங்கே ஒரே குரலிற் பேசப்படுகின்றனர். கதையின் உள்ளே நின்று எழுதியது எது, வெளியே நின்று எழுதியது எது என்று படிப்பவனே பிரித்தறிய வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் இளைஞர் கேட்ட கேள்வி இதுவன்றோ?

இன்றும் அதே சிக்கல் உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனில் குந்தவையும் வந்தியத்தேவனும் கல்வெட்டறிந்தவர்கள். நந்தினியும் பூங்குழலியும் ஆசிரியர் படைத்தவர்கள். படித்தவருட் பலர் நால்வரையும் ஒரே சரித்திரத்திற் சேர்த்துவிடுகின்றனர். ‘கற்பனைப் பாத்திரம்’ என்ற இரண்டே சொற்களை ஓர் அட்டவணை இட்டிருந்தால் அம்மயக்கம் நேராது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1966 ஏப்பிரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிற் கூடியதை வாசகர்கள் அறிவார்கள். அதனை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகள் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறைத் தலைவர். அவ்வாண்டிலேயே தமிழாராய்ச்சி நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலை அவர் வெளியிட்டார். 1969-இல் அப்பல்கலைக்கழக நூலகத்தார் இராம சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’வை வெளியிட்டனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அது பட்டியல். 1965-இல் இரண்டு நாடும் பிரிந்துவிட்டன, பட்டியலோ பிரியவில்லை. சிங்கப்பூரில் அச்சாகி ஈப்போவிலும் கிள்ளானிலும் படிக்கப்பட்ட ஏட்டை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? தொகுத்தவர் இரண்டையும் ஒரு கூரையின்கீழ் வைத்தது நியாயமே.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தோன்றியது. யாழ்ப்பாணத்தவராகிய மயூரநாதன் வளைகுடா நாட்டில் தொழில் பார்த்துக்கொண்டே அதன் தொடக்கக் கட்டுரைகளைக் குவித்தார். 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. அங்கே எழுந்த பிணக்குகள் கொஞ்சமல்ல. கிரந்த எழுத்துக்களை ஏற்பதா, தள்ளுவதா? சென்னையார் டொராண்டோ என்பதை யாழ்ப்பாணத்தார் ரொறன்ரோ என்கின்றனர். தலைப்பில் நிற்பது எது? கணினியும் தன் பங்குக்கு ஒரு கலகம் செய்தது. யூனிகோடு எழுத்தட்டவணையில் வகரம் ழகரத்துக்குப் பின்னும், ஜகரம் சகரத்தை அடுத்தும் இடப்பட்டிருக்கின்றன. எண்ணை மட்டும் நம்பி அடுக்கினால் பவளத்துக்கு முன்னே பழம் வந்துவிடும். தமிழகராதியில் இறுதிக்குச் செல்லவேண்டிய ஜொகூர், தாப்பாவுக்கு முன்னே வந்து குந்திவிடும். தனியே ஒரு வரிசை விதி எழுதித்தான் அதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அச்சு நூலில் ஒரு பொருளுக்கு ஓரிடமே. விக்கியில் ஒரே பக்கத்தைப் பத்துப் பகுப்புகளில் வைக்கலாம். பழம் பெயரைத் தேடுவோனைப் புதுப் பெயருக்கு வழிமாற்றலாம். 1901-இல் திறந்த சுவெட்டன்காம் துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. வழிமாற்று ஒன்று வைத்தால் இரண்டு தலைமுறையும் ஒரே பக்கத்தை அடைந்துவிடும். ஆயினும் தலைப்பு ஒன்றுதான். அங்கேதான் வழக்கு முற்றுகிறது.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்ததை எண்ணிப்பாருங்கள். தமிழ் நேசன் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் எழுந்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களின் மானத்துக்குக் காப்பு என்பவை அவர்கள் கேட்டவற்றுட் சில. துரையும் கிராணியும் எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் கொடுமை ஒழியவேண்டும் என்பதும் அதிலொன்று. மே மாதத்தில் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிறந்தது, படை வந்தது, ஐவர் சுடப்பட்டு மாண்டனர். இந்நிகழ்ச்சிக்கு என்ன தலைப்பு? அதிகாரிகள் கலகம் என்றனர். தொழிலாளர் வேலைநிறுத்தம் என்றனர். கலகம் என்று எழுதினால் அது ‘குற்றங்கள்’ பகுப்பிற் போய் விழும். வேலைநிறுத்தம் என்றால் ‘தொழிலாளர் இயக்கம்’ பகுப்பில் நிற்கும். மாண்ட ஐவரும் ஓரிடத்திற் கலகக்காரர், மற்றோரிடத்தில் தியாகிகள். வேலைநிறுத்தம் என்றே எழுதவேண்டும் என்பது நம் கருத்து. கலகம் என்பார்க்கு ஒரு வழிமாற்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பெட்டாலிங் ஜெயாவை அடுத்த பண்டார் உத்தாமா முன்பு எபிங்காம் தோட்டமாக இருந்தது. ரப்பர் மரங்கள் போயின, லயங்கள் போயின, அங்கே இன்று அடுக்குமாடிகளும் பேரங்காடியும் நிற்கின்றன. எபிங்காம் தமிழ்ப்பள்ளி மட்டும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. களஞ்சியத்தில் எபிங்காமை எங்கே வைப்பது? இடமென்றால் இன்று அந்த இடம் வேறு பெயரில் இருக்கிறது. பள்ளியென்றால் பால்வெட்டிய குடும்பங்கள் வெளியே நிற்கும். நகரத்தின் பக்கத்தில் ஓர் அடிவரியாகச் சேர்த்தால், கட்டடம் எழுப்பியவர் சரித்திரத்தில் காடழித்தவர் சரித்திரம் அடங்கிப்போகும். கெலானா ஜெயாவிலுள்ள சீபோர்ட் தமிழ்ப்பள்ளியும் ஒரு தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதற்கும் இதே கேள்வி பொருந்தும்.

ஒரு நிறுவனம் கதையில் அழித்த உலகத்துக்கு அபிமானிகள் தனிக் களஞ்சியம் வைத்துக் காக்கிறார்கள். உண்மையில் அழிந்த தோட்டத்துக்கும் தனிப் பக்கம் வேண்டும். இருந்த ஆண்டுகள், கோயில், கடை, பிரட்டுக்களம், மக்கள் வழங்கிய தமிழ்ப்பெயர் எல்லாம் அதில் ஏறவேண்டும். தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர் ஒன்று, நம்மவர் வாய்ப்பெயர் வேறு என்பதைத் தோட்டத்திற் பிறந்த வாசகர் எவரும் அறிவர். வாய்ப்பெயர் கணக்குப் புத்தகத்தில் இல்லை; வயது எண்பதைத் தாண்டிய பாட்டிமாரிடம் இருக்கிறது.

அன்று நாம் எழுந்து வரும்போது அந்த நான்காம் இளைஞர் வாய்திறந்தார். பழைய உலகத்தை ‘அழிந்தது’ என்று எழுதிவிட்டு, அதன் பக்கங்களில் ஒன்றையும் நீக்காமல் வைப்போம் என்றார். மற்ற மூவரும் மறுபடி வாதத்தைத் தொடங்கிவிட்டனர்.