மண்டபத்து மணலும் மீனம்பாக்கத்து வரிசையும்

மீனம்பாக்கத்தில் வெளிநாட்டு விமானம் ஏறப் போகிறவர், வாயிற்காவலரிடம் பயணச்சீட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டி உள்ளே நுழைந்து, பெட்டியை எடை போட்டு ஒப்படைத்து, குடியேற்ற அதிகாரியின் முத்திரையைப் பெற்று, இடுப்பு வாரையும் கைப்பேசியையும் தட்டில் வைத்துவிட்டுக் கைகளை விரித்து நின்று, ஒருவாறாக விமானத்தின் வாயிலை அடைவதற்குள், இத்தனை சடங்குகளும் விமானம் என்னும் யந்திரத்தோடு கூடப் பிறந்தவை என்று எண்ணிக்கொள்வது சகஜம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை விமானத்துக்கு மூத்தவை. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்தவர்களைப் பொறுத்தவரை, அவை முறையாக உருப்பெற்ற இடம் பாம்பன் கால்வாய்க்கு இப்பக்கத்து மணல்வெளியாகிய மண்டபம். பிரயாணியை நிறுத்தி அதிகாரி கேட்கும் கேள்வி காலந்தோறும் மாறியிருக்கிறது. அக்கேள்விக்கு முதலில் உட்பட்டவன் ஏழை என்பது மட்டும் அதிகம் மாறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இலங்கையின் மலைநாட்டில் காபித் தோட்டங்கள் பெருகிய நாளில், ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்ட ஜனங்கள், தோணியேறிக் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியை நடந்தே கழித்தார்கள். பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. அந்தச் சுதந்திரத்தை நினைத்து இன்று பெருமூச்சு விடுகிறவர்கள், வழியில் வாந்திபேதி கண்டு மரத்தடியில் கிடத்தப்பட்டவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை என்பதையும் சேர்த்து நினைப்பது நல்லது.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. அந்தப் பீதியில், மன்னார்க் கரையிலிருந்து நடந்துபோன அந்த வடக்கு வழி அடைபட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் போவதே வழி என்றாயிற்று. தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாமில் தங்கவைத்துப் பார்த்தார்கள். 1901-இல் தகர வில்லை வந்தது. தோட்டத்துக்குரிய அடையாளமும் எண்ணும் பொறித்த அந்த வில்லையைக் கயிற்றில் கோத்து ஒவ்வொருவர் கழுத்திலும் கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து வழிநெடுகச் சோறு போட்டார்கள், ரயிலேற்றினார்கள், கப்பலேற்றினார்கள், செலவை அந்தத் தோட்டத்தின் பேரில் எழுதிக்கொண்டார்கள். இன்று விமான நிலையத்தில் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டுகிற சீட்டு செய்யும் வேலையை அன்று மனிதன் கழுத்தில் தொங்கிய தகரம் செய்தது.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் பிரயாணத்தின் முகமே மாறியது. எழும்பூரில் ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, பக்கத்திலேயே நின்ற நீராவிக் கப்பலில் ஏறி, இருபது மைலுக்குச் சற்றே கூடுதலான கடலைத் தாண்டித் தலைமன்னாரில் மறு ரயிலைப் பிடிக்கலாம். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயரைச் சுமந்த கப்பல்கள் முதலில் ஓடின. இர்வினும் கோஷனும் பின்னால் வந்தன. இந்த வண்டிக்கு ஜனங்கள் வைத்த பெயர் போட் மெயில். அதன் மேல்வகுப்புப் பிரயாணியை மருத்துவர் பார்வையிட்டு அனுப்பிவிடுவார். அவர் அன்றே கடலைக் கடந்துவிடலாம். தோட்டக் கூலியாகப் போகிறவனோ மண்டபத்திலேயே இறங்கி, அங்கிருந்த முகாமுக்குள் போக வேண்டும்.

அந்த முகாமில் ஒரு விசித்திரம் இருந்தது. நிலம் இந்தியாவினுடையது, நிர்வாகம் இலங்கை அரசாங்கத்தினுடையது. அதாவது, ஒரு நாட்டில் இறங்கிய பிறகு நடக்க வேண்டிய பரிசோதனை, அந்நாட்டுக்குப் புறப்படும் முன்பே அயல் மண்ணில் நடந்து முடிந்துவிடும். அபுதாபி விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து, அமெரிக்கா போகிறவர்களை அங்கேயே சோதித்து அனுப்பும் ஏற்பாடு 2014-இல் தொடங்கியபோது அதைப் புதுமை என்றார்கள்; மண்டபம் அதைவிட ஏறத்தாழ நூறு வருஷம் மூத்தது.

முகாமுக்குள் போனவர்கள் முதலில் உடுத்த துணியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அது ஆவியில் வெந்து, சுருங்கி, வேறொரு வாசனையோடு திரும்பி வரும். அதற்குள் குளியல்; பிறகு வரிசை; வரிசையின் முனையில் அம்மை குத்துகிறவர். கொக்கிப் புழுவுக்கு மருந்தும் கொடுத்தார்கள். பிறகு ஐந்தாறு நாள் காத்திருக்க வேண்டும், உடம்பில் நோய் ஒளிந்திருந்தால் வெளியே வரட்டும் என்று. வேளைக்குச் சோறு கிடைத்தது. ஊரில் பஞ்சத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் சிலர், வாழ்நாளில் வயிறு நிறைந்த முதல் வாரம் அதுவே என்று நினைத்திருக்கவும் கூடும். முகாமின் பயனை நான் மறுக்கவில்லை. வடக்கு வழியில் மடிந்தவர்களை எண்ணிப் பார்த்தால் மறுப்பது நியாயமும் ஆகாது. ஆனால் அம்மைக்கு மேல்வகுப்பு, கீழ்வகுப்பு என்ற பேதம் உண்டோ என்று மட்டும் அந்நாளைய ஆரோக்கிய அதிகாரிகளை யாராவது கேட்டிருக்கலாம்.

1939-இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போவதைத் தடை செய்ததும், முகாமின் ஆதி வேலை ஓய்ந்தது. அதற்கு ஒன்பது வருஷம் பின்னால் கேள்வியே மாறிவிட்டது. 1948-இல் இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும், அதுவரை உடம்பைப் பார்த்த அதிகாரியைக் காகிதத்தைப் பார்க்கச் செய்தன. அம்மை குத்திய தழும்பு இருந்தால் போதாது. எந்த நாட்டுப் பிரஜை என்று எழுத்தில் காட்ட வேண்டும். வேதாரணியத்துக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, கோயில் திருவிழாவுக்குத் தோணியில் போய்வந்தவர்கள், ஒரு நாள் விடிந்தபோது சட்டத்தை மீறுகிறவர்களாக இருந்தார்கள். கள்ளத்தோணி என்ற சொல் அக்காலத்தில்தான் வலுப்பெற்றது. பிற்பாடு, தோணியையே கண்டறியாத மலைநாட்டுத் தமிழரின் மேலும் அது வசைச்சொல்லாக விழுந்தது.

விமானம் இதற்கிடையே வந்தது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோனின் டகோட்டா, கொழும்பு ரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்த பிரயாணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் மண்டபத்தின் கேள்விகள் வானத்திலும் பின்தொடர்ந்தன. 1952-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசச் சுகாதார விதிகளின்படி பிரயாணி கையில் ஒரு சிறு மஞ்சள் புத்தகம் இருந்தாக வேண்டும்: அம்மை குத்தினால் மூன்று வருஷம் செல்லும், வாந்திபேதி ஊசிக்கு ஆறே மாதம். என் உறவினர் ஒருவரின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டின் நடுவே செருகி, இரண்டையும் ரப்பர் வளையத்தால் கட்டி, மேலே 'தொலைத்தால் போச்சு' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். 1980-இல் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக அறிவித்த பிறகு அந்தப் பக்கத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று.

மூன்றாவது கேள்வி பணத்தைப் பற்றியது. அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு மிகுந்த அறுபதுகளில், ரிசர்வ் வங்கியின் 'பி' படிவம் சம்மதமாகி வந்தாலொழியக் கப்பலோ விமானமோ ஏற முடியாது; சீமைக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் எட்டு டாலரோடு போன கதைகளை அந்தத் தலைமுறையார் இன்னமும் பெருமையோடு சொல்வார்கள். ஆயுதம் உண்டா என்ற கேள்வி, விமானக் கடத்தல்கள் மிகுந்த பிறகு எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்து சேர்ந்தது.

மண்டபத்துக்குத் திரும்புவோம். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றாயிற்று. இரண்டு மாதம் செல்லுமுன், டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை, ஸ்டேஷனும் சுங்கக் கச்சேரியும் உட்பட, கடலுக்குக் கொடுத்துவிட்டது. துறை ராமேசுவரத்துக்கு மாறியது. தலைமன்னாரில் ஏறி அங்கே வந்து இறங்கிய தோட்டத்து ஜனங்களை, பாட்டன்மார் துணியவிழ்த்து நின்ற அதே மண்டபத்துக்குத்தான் அழைத்துச் சென்றார்கள். அதற்குள் முகாம் இந்திய அரசாங்கத்தின் கைக்கு வந்திருந்தது. குடும்ப அட்டை எழுதுவதற்கு மறுபடியும் ஒரு வரிசை. குமாஸ்தா பெயர் கேட்டார், வயது கேட்டார், எந்தத் தோட்டம் என்று கேட்டார்; எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. சொந்த ஊர் என்ற இடம் வந்தபோது, பாட்டி வாயால் கேட்டிருந்த ஏதோ ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார்கள். குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு, அது எந்தத் தாலுகா என்று கேட்டார்.